பயாப்ஸிப் படிவத்தில் விடுபட்ட ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில், முதியோருக்கு வரும் தலைவலியைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். ஐம்பது வயதைக் கடந்தவருக்கு நெற்றிப்பொட்டில் புதிதாக வலி தோன்றி, தலையைத் தொட்டாலே நோகிறது, மெல்லும்போது தாடை சோர்ந்து வலிக்கிறது என்றால், தைலம் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது முழுக்கச் சரி. அந்த எச்சரிக்கையால் யாரோ ஒருவருடைய பார்வையாவது காப்பாற்றப்படும். ஆனால் கட்டுரையின் கடைசியில், நெற்றிப்பொட்டுத் தமனியிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பயாப்ஸி செய்துவிட்டால் ஐயம் நீங்கிவிடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். 31 ஆண்டுகள் திசுப் பரிசோதனைக் கூடத்தில் தொழில்நுட்பராக வேலை பார்த்தவன் என்ற முறையிலும், ஒரு பயாப்ஸி அறிக்கையை நம்பி என் அக்காள் நான்கு மாதம் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

அக்காளுக்கு அப்போது 67 வயது. சர்க்கரை நோய் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. சிறுநீரகம் செயலிழந்து, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்வரத் தொடங்கி ஐந்தாவது ஆண்டு. ஒரு மார்கழி மாதத்தில் இரண்டு பொட்டிலும் வலி என்றார். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று முதலில் நினைத்தோம். இரண்டு வாரம் கழித்து நான் பார்க்கப் போனபோது பின்னலை அவிழ்த்து, வாராமல் அப்படியே விட்டிருந்தார். “சீப்பு பட்டாலே உசுரு போகுதுடா தம்பி” என்றார். சப்பாத்தியை நாலு வாய் மென்றதும் தாடை கடுத்துப்போய்த் தட்டை நகர்த்தி வைத்தார். காதுக்கு மேலே தமனி தடித்துத் தெரிந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். பயறுகளைக் கோத்த நூல் போல முடிச்சு முடிச்சாக இறுகிக் கிடந்தது. ரத்தப் பரிசோதனையில், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் இ.எஸ்.ஆர். என்ற அளவு 96 என்று உயர்ந்திருந்தது.

மருத்துவர் ‘ஜெயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ்’ என்ற தமனி அழற்சியாக இருக்கலாம் என்று ஐயப்பட்டு, அன்றைக்கே ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் என்று தொடங்கினார். மூன்றாம் நாள் பயாப்ஸி. பத்தாம் நாள் கைக்கு வந்த அறிக்கையில், தமனியின் மீள்படலம் உடைந்திருக்கிறது, ராட்சத செல்கள் தென்படுகின்றன, ஐயப்பட்ட நோயோடு பொருந்துகிறது என்று எழுதியிருந்தது. அறிக்கையைப் படித்ததும் எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. பெயர் தெரிந்துவிட்டது, மருந்து இருக்கிறது, இனி சரியாகிவிடும் என்று அக்காளிடம் நானே சொன்னேன்.

அந்த மருத்துவர் அவசரப்பட்டதில் ஒரு குறையும் இல்லை என்பதை இங்கேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த நோயின் வரலாற்றைப் பார்த்தால் அந்த அவசரத்தின் நியாயம் புரியும். 1890இல் லண்டனில் ஜொனாதன் ஹட்சின்சன் என்ற மருத்துவர், தலையில் சிவந்து தடித்த தமனிகளால் தொப்பிகூட அணிய முடியாமல் தவித்த ஒரு முதியவரைப் பற்றி எழுதினார். 1932இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த பேயர்டு ஹார்ட்டனும் உடன் பணியாற்றியவர்களும், நோயாளிகளின் பொட்டுத் தமனியை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, தமனிச் சுவர் முழுவதும் அழற்சி பரவியிருப்பதை விவரித்தார்கள். இந்த அழற்சி கண் நரம்புக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்துவிட்டால் ஒரே நாளில் ஒரு கண் இருண்டுபோகும். மருந்து தராவிட்டால் மறு கண்ணும் சில நாள்களிலோ வாரங்களிலோ போகலாம். போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. அதனால்தான் பயாப்ஸிக்காகக் காத்திராமல் ஸ்டீராய்டைத் தொடங்கிவிட வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. மருந்து தொடங்கி இரண்டு வாரம் வரையிலும் திசுவில் அழற்சியின் தடயம் அழியாமல் இருக்கும் என்பதால், முதலில் மருந்து, பிறகு பயாப்ஸி என்ற வரிசையில் தவறில்லை.

தவறு நேர்ந்தது அதற்கு அடுத்த கட்டத்தில். அதை விளக்க உங்கள் வாசகர்களை ஆய்வகத்துக்குள் சற்று அழைத்துப்போக வேண்டும்.

அறுவை அறையிலிருந்து தமனித் துண்டு ஃபார்மலின் புட்டியில் வரும். குறைந்தது ஒரு சென்டிமீட்டர் நீளமாவது இருக்க வேண்டும். இந்த அழற்சி தமனி நெடுகிலும் ஒரே சீராக இல்லாமல், விட்டு விட்டு இருக்கக்கூடியது என்பதே காரணம். துண்டை உருக்கிய பாரஃபின் மெழுகில் பதித்துக் கட்டியாக்குவோம். அதைத்தான் பிளாக் என்கிறோம். பிளாக்கை மைக்ரோடோம் என்ற இயந்திரத்தில் பொருத்திக் கைப்பிடியைச் சுற்றினால், ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்தில் நாடா நாடாவாகச் சீவல்கள் வரும். நல்ல திசு என்றால் கத்தி ஓடுவதே தெரியாது, பட்டுத்துணி நழுவுவது போல இருக்கும். சுண்ணாம்பு ஏறிய தமனி அப்படி வராது. முதல் சுற்றிலேயே ‘நறநற’ என்று ஒரு சத்தம் கேட்கும். சோற்றில் கல் கடிபட்டால் பல்லில் தெரியுமே, அந்த உணர்வு கைப்பிடி வழியாக விரலுக்கு வரும். சீவலில் நெடுக்குக் கோடுகள் விழும், தமனி வட்டம் ஓரிடத்தில் கிழிந்து ஓட்டையாகிவிடும், கத்தியின் கூரும் போய்விடும். உடனே வேறு கத்தி மாட்டுவோம். அல்லது பிளாக்கின் முகத்தைச் சற்று நேரம் அமிலக் கரைசலில் வைத்துச் சுண்ணாம்பை இளக்குவோம். சீவல் அழகாக வந்துவிடும். மேசையில் காத்திருக்கும் அடுத்த இருபது பிளாக்குகளுக்குப் போய்விடுவோம்.

நானும் அப்படித்தான் வேலை செய்தேன். அந்தச் சத்தத்தை ஒரு செய்தியாக எடுத்துக்கொண்டு நோயியல் மருத்துவரிடம் போய்ச் சொன்ன நாள்கள் என் பணிக்காலத்தில் மிகக் குறைவு. அதை இன்று வருத்தத்தோடு நினைக்கிறேன்.

இப்படித் தயாராகும் ஸ்லைடில் வழக்கமான ஹெமடாக்சிலின், ஈயோசின் சாயம் ஏற்றினால் திசு இளஞ்சிவப்பாகவும் செல்களின் உட்கரு நீலமாகவும் தெரியும். படிந்த கால்சியம் அடர்ந்த ஊதா கலந்த நீலத்தில் தூள் தூளாகவோ கட்டியாகவோ நிற்கும். தமனியின் சுவர் மூன்று அடுக்கு கொண்டது. உள் அடுக்குக்கும் நடு அடுக்குக்கும் இடையே ரப்பர் வளையம் போன்ற மீள்படலம் ஒன்று நெளிநெளியாக ஓடும். உண்மையான அழற்சியில் இந்த மீள்படலத்தை நோய் எதிர்ப்புச் செல்கள் முற்றுகையிட்டு உடைத்துவிடும். லிம்போசைட்டுகள், மேக்ரோபேஜ்கள், பல செல்கள் ஒன்றோடொன்று இணைந்தது போன்ற ராட்சத செல்கள் எல்லாம் அங்கே மொய்த்திருக்கும். உள் அடுக்கு வீங்கி ரத்தம் போகும் வழி குறுகிவிடும்.

சுண்ணாம்பு படிவதும் பெரும்பாலும் இதே மீள்படலத்தை ஒட்டியும் நடு அடுக்கிலும்தான் என்பதுதான் சிக்கலின் மையம். வயதானாலே இந்தப் படலத்தில் சிறிது கால்சியம் ஏறுவது இயல்பு. சர்க்கரை நோயிலும் சிறுநீரகச் செயலிழப்பிலும் அது பல மடங்காகும். சுண்ணாம்பேறிய படலம் நெகிழ்வை இழந்து விரிசல் விட்டு உடைகிறது. உடைந்த துண்டை உடம்பு அந்நியப் பொருளாகக் கருதி அதைச் சுற்றி ராட்சத செல்களை அனுப்புகிறது. தைத்த முள்ளைச் சுற்றியும் இதே செல்கள்தாம் கூடும். ஆக, உடைந்த மீள்படலம், ராட்சத செல், குறுகிய உட்குழாய் என்று மூன்று அடையாளங்களும் அழற்சியே இல்லாத ஒரு தமனியிலும் தோன்றிவிட முடியும். கத்தி கிழித்த இடத்தில் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்து போயிருந்தால், அல்லது அமிலத்தில் அது கரைந்திருந்தால், மிஞ்சி நிற்பது ராட்சத செல்களும் உடைந்த படலமும் மட்டுமே. நல்ல அனுபவமுள்ள கண்ணுக்கும் அது அழற்சி போலவே தோற்றமளிக்கும்.

இரண்டையும் பிரித்தறிய வழி இல்லாமல் இல்லை. ராட்சத செல்கள் சுண்ணாம்பை ஒட்டி மட்டும் நிற்கின்றனவா, அல்லது சுண்ணாம்பு இல்லாத இடத்திலும் லிம்போசைட்டுகளோடு சுவர் முழுக்கப் பரவியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மீள்படலத்தைக் கறுப்பாகக் காட்டும் தனிச் சாயம் இருக்கிறது. கால்சியத்துக்கென்றே வான் கோசா என்ற சாயமுறை நூறாண்டுக்கு மேலாக இருந்து வருகிறது: ஸ்லைடை வெள்ளி நைட்ரேட் கரைசலில் வைத்து நல்ல வெளிச்சத்தில் காட்டினால், சுண்ணாம்பு இருக்கும் இடத்தில் வெள்ளி படிந்து கறுத்துப்போகும். அந்தக் காலத்தில் ஸ்லைடை ஜன்னலோர வெயிலில் வைத்துக் காத்திருப்போம். விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. அமிலத்தில் வைப்பதற்கு முன்பே சில சீவல்களை எடுத்து வைத்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஆனால் சுண்ணாம்பைத் தேடிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் முதலில் தோன்ற வேண்டும். ஸ்லைடைப் பார்ப்பவருக்கு அது எப்படித் தோன்றும்? நோயாளியை அவர் பார்ப்பதில்லை. அவருக்குத் தெரிவதெல்லாம் புட்டியோடு வரும் படிவம்தான்.

என் அக்காளின் பயாப்ஸிக்குப் போன படிவத்தின் நகலை நான்கு மாதம் கழித்துப் பார்த்தேன். ‘67, பெண், தலைவலி, டெம்போரல் ஆர்ட்டரைட்டிஸா?’ என்று ஒரே வரி இருந்தது. ஜெயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸின் இன்னொரு பெயர்தான் அது. சர்க்கரை நோயைப் பற்றி ஒரு சொல் இல்லை, டயாலிசிஸைப் பற்றி இல்லை, கால்சியம், பாஸ்பேட் அளவும் எழுதப்படவில்லை. கேள்வியிலேயே விடையும் சொல்லப்பட்டிருந்தது. படித்தவர் அந்த விடைக்குப் பொருத்தமானவற்றைக் கண்டு எழுதியனுப்பிவிட்டார். அவரை நான் குறைசொல்ல மாட்டேன். அவருக்கு வந்த அரை வரியை வைத்து அவர் வேறென்ன எழுத முடியும்?

அந்த நான்கு மாதத்தில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டீராய்டால் சர்க்கரை 400ஐத் தாண்டியது, இன்சுலின் அளவு இரட்டிப்பானது. வாயில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்து கஞ்சிகூட இறங்கவில்லை. இரவெல்லாம் தூக்கமில்லை. முகம் உப்பி, கை கால் சூம்பி, ஒருநாள் கட்டிலிலிருந்து எழும்போது முதுகில் ‘மளுக்’ என்றது. எக்ஸ்ரேயில் முதுகெலும்பு ஒன்று நசுங்கியிருந்தது. பொட்டு வலியோ முதல் சில நாள் தணிந்தது போலிருந்து, பிறகு பழையபடியே நின்றது. உண்மையான ஜெயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸில் இவ்வளவு ஸ்டீராய்டுக்கு வலி ஓரிரு நாளிலேயே வியக்கத்தக்க அளவுக்குக் குறைந்துவிடும். குறையாதபோது நோயின் பெயரையே மீண்டும் யோசித்திருக்க வேண்டும். மாறாக, மருந்து போதவில்லை என்று முடிவாகி, எதிர்ப்புச் சக்தியை மேலும் அடக்கும் இன்னொரு மருந்தைச் சேர்க்கலாமா என்ற பேச்சு எழுந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

பிளாக்கையும் ஸ்லைடுகளையும் இரண்டாவது கருத்துக்காகத் தருமாறு எழுத்தில் கேட்டு வாங்கினேன். நோயாளியோ குடும்பத்தினரோ இப்படிக் கேட்டுப் பெறலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் அனுமதி பெற்று, ஓய்வுக்குப் பிறகு முதன்முறையாக மைக்ரோடோம் முன் உட்கார்ந்தேன். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினேன். அந்த ‘நறநற’ சத்தம் கேட்டது. இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பிளாக்குகளில் கேட்டு அலட்சியமாகக் கடந்த அதே சத்தம், என் அக்காளின் தமனியிலிருந்து வந்தபோது கை நின்றுவிட்டது.

என்னோடு பணியாற்றி ஓய்வுபெற்ற நோயியல் பேராசிரியை ஒருவர் ஸ்லைடுகளைப் பார்த்தார். நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, “இந்த அம்மாவுக்குக் கிட்னி கோளாறு உண்டா?” என்று கேட்டார். ஐந்து ஆண்டாக டயாலிசிஸ் என்றேன். “படிவத்தில் ஏன் அதை எழுதவில்லை?” என்றார். வான் கோசா சாயமேற்றிய ஸ்லைடில் மீள்படலம் நெடுகிலும், நடு அடுக்கிலும், கண்ணுக்கு மை தீட்டியது போலக் கறுப்பாகச் சுண்ணாம்பு நின்றது. ராட்சத செல்கள் ஏழெட்டு இருந்தன; அத்தனையும் சுண்ணாம்புத் துண்டுகளைக் கவ்விக்கொண்டிருந்தன. சுண்ணாம்பு இல்லாத பகுதியில் அழற்சி செல்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை. இது தமனி அழற்சி இல்லை, டயாலிசிஸ் நோயாளிகளின் தமனிகளில் ஏற்படும் சுண்ணாம்புப் படிவு என்று அவர் எழுதிக் கொடுத்தார்.

இந்தப் படிவு எப்படி ஏற்படுகிறது என்பதைச் சற்றுச் சொல்ல வேண்டும். தமனியின் நடு அடுக்கில் மட்டும் கால்சியம் படிந்து குழாய் இரும்புக் குழாய் போல இறுகும் நிலையை 1903இல் ஜெர்மானிய நோயியலாளர் யோஹான் மோன்கபெர்க் விவரித்தார். இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. எக்ஸ்ரேயில் தண்டவாளம் போல இரண்டு வெள்ளைக் கோடுகளாகத் தெரிவது அதுதான். நீண்டகாலம் இது வெறும் தேய்மானம் என்று கருதப்பட்டது. சிறுநீரகம் வெளியேற்றாத பாஸ்பேட் ரத்தத்தில் தேங்கும்போது, தமனிச் சுவரின் தசை செல்கள் எலும்பு செல்களைப் போல நடந்துகொள்ளத் தொடங்குகின்றன என்பது பின்னர் தெரியவந்தது. ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படியாமல் தடுக்கும் ஒரு புரதம் நம் உடம்பிலேயே இருக்கிறது. அது வேலை செய்ய வைட்டமின் கே தேவை. ரத்தம் உறையாமல் இருக்கத் தரப்படும் வார்ஃபரின் மாத்திரை வைட்டமின் கேயின் வேலையைத் தடுப்பதால் இந்தக் காவலும் போய்விடுகிறது. டயாலிசிஸ் நோயாளி வார்ஃபரின் சாப்பிடுகிறாரா என்பது படிவத்தில் இடம்பெற வேண்டிய செய்தி என்று நான் சொல்வது இதனால்தான்.

இதன் கொடிய வடிவம் கால்சிஃபைலாக்ஸிஸ். ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் 1960களின் தொடக்கத்தில் எலிகளில் தாம் உண்டாக்கிய சுண்ணாம்புப் படிவுக்கு வைத்த பெயர் அது. பிறகு மனிதர்களில் காணும் நோய்க்கும் அதுவே நிலைத்துவிட்டது. தோலடிக் கொழுப்பில் உள்ள மிகச் சிறிய தமனிகள் சுண்ணாம்பேறி அடைத்து, தொடையிலும் வயிற்றிலும் தாங்க முடியாத வலியோடு கருந்தோல் புண்கள் வரும். இந்தப் புண்களையும் ரத்தக்குழாய் அழற்சி என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்துவிடும் ஆபத்து உண்டு. இந்த நோயாளிகளை முதலில் கொண்டுபோவது கிருமித்தொற்று. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து அதற்கு வாசலைத் திறந்துவிடுகிறது. பொட்டுத் தமனியிலேயே இந்நோய் தோன்றி, தலைவலி, தாடை வலி, சிலருக்குப் பார்வை இழப்பு என்று அழற்சியின் அத்தனை குறிகளோடும் வந்த டயாலிசிஸ் நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பல பதிவுகள் இருக்கின்றன. சுண்ணாம்புதானே என்று இதை எளிதாகவும் விட்டுவிடக் கூடாது. கண்ணுக்கு ஆபத்து இதிலும் உண்டு. சிகிச்சைதான் வேறு.

இ.எஸ்.ஆர். பற்றியும் ஒரு வார்த்தை. ரத்தசோகையும் நீடித்த நோயும் உள்ள டயாலிசிஸ் நோயாளிகளுக்கு எந்த அழற்சி நோயும் இல்லாமலே அந்த எண் பெரும்பாலும் உயர்ந்திருக்கும். நூறைத் தொடுவதும் அரிதில்லை. அந்த 96 என்ற எண், இரண்டு சிறுநீரகமும் நன்றாக இருக்கும் ஒருவரிடத்தில் தரும் பொருளை அக்காளிடத்தில் தராது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஜெயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதிகமாகவும் நம் நாட்டில் அரிதாகவும் காணப்படும் நோய். நம்மிடம் மிகுதியாக இருப்பது சர்க்கரை நோய்; 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு அது இருப்பதாக மதிப்பிட்டது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும், 2016இல் தொடங்கிய தேசிய டயாலிசிஸ் திட்டத்திலும் ஏழை நோயாளிகளுக்கும் டயாலிசிஸ் கிடைக்கிறது. முன்பெல்லாம் ஓராண்டு தாங்காதவர்கள் இன்று ஐந்து, பத்து ஆண்டு வாழ்கிறார்கள். இதைவிட மகிழ்ச்சியான செய்தி என் பணிக்காலத்தில் இல்லை. ஆனால் டயாலிசிஸில் ஆண்டுகள் கூடக்கூடத் தமனிகளில் சுண்ணாம்பும் கூடும். அப்படியிருக்க, மேலைநாட்டு முதியவர்களை வைத்து எழுதப்பட்ட பாடத்தை, இருபது ஆண்டு சர்க்கரையும் ஐந்து ஆண்டு டயாலிசிஸும் கண்ட நம் ஊர்த் தமனியின்மேல் அப்படியே பொருத்திப் பார்ப்பது சரியாகாது.

ஆகவே சுகாதாரத் துறைக்கும், அரசு, தனியார் மருத்துவமனைகளுக்கும் என் வேண்டுகோள் எளிமையானது. திசுப் பரிசோதனைப் படிவத்தில் ‘நோய் வரலாறு’ என்று இரண்டு விரல் அகலத்தில் வெற்றிடம் விட்டுவைப்பதற்குப் பதிலாக, சர்க்கரை நோய் உண்டா, சிறுநீரகச் செயலிழப்பு உண்டா, டயாலிசிஸ் எத்தனை ஆண்டு, கடைசியாகப் பார்த்த கால்சியம், பாஸ்பேட், பாராதைராய்டு ஹார்மோன் அளவு என்ன, வார்ஃபரின் எடுக்கிறாரா, ஸ்டீராய்டு தொடங்கி எத்தனை நாள் என்ற கேள்விகளை அச்சிட்டே வையுங்கள். வேலை நெருக்கடியில் இருக்கும் பயிற்சி மருத்துவர் ‘டிக்’ அடிக்க அரை நிமிடம் போதும். திசுவைச் சீவும் தொழில்நுட்பருக்கும் அதே படிவத்தில் ஒரு கட்டம் கொடுங்கள்: கத்தியில் கடினம் பட்டதா, அமிலத்தில் வைத்தீர்களா. அந்தச் சத்தத்தைக் கேட்பவர் அவர் ஒருவர்தான், ஆனால் அதை எழுதிவைக்க அவருக்கு இதுவரை இடமே இல்லை.

வாசகர்கள் எவரும் இதைப் படித்துவிட்டு ஸ்டீராய்டு மாத்திரையைத் தாங்களே நிறுத்திவிட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். உண்மையாகவே தமனி அழற்சி உள்ளவருக்கு அந்த மாத்திரைதான் கண். தவிர, பல வாரம் சாப்பிட்டதைத் திடீரென நிறுத்தினால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஹார்மோன் இல்லாமல் உயிருக்கே ஆபத்தாகும். அக்காளுக்கும் வாரக் கணக்கில் படிப்படியாகத்தான் குறைத்தார்கள். பயாப்ஸியில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் நோய் இல்லை என்றாகிவிடாது. விட்டு விட்டு இருக்கும் அழற்சி வெட்டிய துண்டில் அகப்படாமல் போயிருக்கலாம். வலி குறையவில்லை, அறிக்கையும் நோயாளியின் நிலையும் ஒத்துப்போகவில்லை என்று தோன்றினால், சிறுநீரக மருத்துவரும், மூட்டு மற்றும் அழற்சி நோய் மருத்துவரும், ஸ்லைடைப் பார்த்த நோயியல் மருத்துவரும் ஒருவரோடொருவர் பேச வேண்டும் என்று கேளுங்கள். எங்கள் விஷயத்தில் அந்த மூவரும் முதன்முதலாகப் பேசிக்கொண்டது ஐந்தாவது மாதத்தில். பத்து நிமிடத் தொலைபேசி அழைப்பு அது.

அதன் பிறகு பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தத் தந்துவந்த கால்சியம் கலந்த மாத்திரையை நிறுத்தி, கால்சியம் இல்லாத செவலமெர் என்ற மாத்திரைக்கு மாற்றினார்கள். டயாலிசிஸ் நேரத்தைக் கூட்டினார்கள். டயாலிசிஸ் திரவத்தின் கால்சியம் அளவைக் குறைத்தார்கள். டயாலிசிஸின் கடைசி ஒரு மணி நேரத்தில் சோடியம் தயோசல்ஃபேட் ஏற்றினார்கள். கடைசியாகச் சொன்ன மருந்துக்கு இன்னும் உறுதியான சான்று போதாது என்று மருத்துவரே எங்களிடம் மறைக்காமல் சொன்னார். எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாவிட்டாலும் மூன்று மாதத்தில் பொட்டு வலி அடங்கியது. நசுங்கிய முதுகெலும்பு நசுங்கியதுதான்; அக்காள் முன்பைவிட இரண்டு விரற்கடை குட்டையாகிவிட்டார்.

இப்போது அவர் தலை வாரிப் பின்னிக்கொண்டுதான் டயாலிசிஸுக்குப் போகிறார். அவருடைய டயாலிசிஸ் நோட்டின் முதல் பக்கத்தில், மேலே நான் கேட்ட அத்தனை விவரங்களையும் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். மாதந்தோறும் ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எண்களை மட்டும் மாற்றி எழுதுகிறோம். சென்ற மாதம் காலில் ஒரு சிறு புண்ணுக்காகத் தோல் துண்டு எடுத்தபோது, அந்தப் பக்கத்தை நகலெடுத்துப் புட்டியோடு சேர்த்து அனுப்பும்படி அக்காளே கேட்டு வாங்கி அனுப்பியிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற திசுப் பரிசோதனைக் கூடத் தொழில்நுட்பர்,
மதுரை.